நடுவர்கள் முன் நிற்கப் போகும் பழைய காரைச் சாலையில் ஓட்டிச் செல்லலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 1960களின் தொடக்கத்தில் வெளிவந்த, ஸ்போக் வீல்களும் மடக்கக்கூடிய துணிக் கூரையும் கொண்ட, இருவர் அமரும் கார் உங்களுடையது. பல ஆண்டுகளுக்கு முன் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது. நடுவர்கள் மதிப்பெண் இடும் கண்காட்சி ஒன்றுக்கு முதன்முறையாகப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். அது 200 கிலோமீட்டர் தொலைவில் நடக்கிறது. டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகாமல் ஓட்டியே போனால் மதிப்பெண்ணில் பின்தங்கிவிடுவோமா என்றும், வழியில் படியும் அழுக்கை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஓட்டிச் செல்லுங்கள் என்பதே என் பதில். ஆனால் சுத்தம் செய்யும் வேலையில் பெரும்பகுதியைப் புறப்படுவதற்கு முன்பே வீட்டில் முடித்துவிட வேண்டும். கண்காட்சித் திடலில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம் இருக்கலாம். அந்த நேரத்தில் அன்றைய சாலை கொண்டுவந்து ஒட்டியதை அகற்றலாமே தவிர, பல ஆண்டுகளாகப் படிந்ததை அகற்ற முடியாது.

முதலில் மதிப்பெண் பற்றிய அச்சத்தைப் பார்ப்போம். ஓட்டி வருவதைக் குறையாக எண்ணும் மரபு இந்தப் போட்டிகளில் இல்லை. அமெரிக்காவின் பெபிள் பீச்சில் 1950 முதல் நடந்துவரும் புகழ்பெற்ற போட்டியில் 1998இல் ஒரு சாலைப் பயணம் சேர்க்கப்பட்டது. தம் பிரிவில் இரண்டு கார்கள் சம மதிப்பெண் பெற்றால், அந்தப் பயணத்தை வெற்றிகரமாக முடித்த காருக்கே முன்னுரிமை என்பது அங்குள்ள விதி. கோடிக்கணக்கில் விலை போகும் கார்களுக்கே அப்படியென்றால், நம்மைப் போன்றவர்கள் டிரெய்லரைத் தேடி அலைவதற்குப் பெரிய காரணம் இல்லை. அமெரிக்காவில் 1935இல் தொடங்கப்பட்ட பழங்கால கார் சங்கம் 400 புள்ளி அடிப்படையில் மதிப்பிடுகிறது. அதே சங்கம், வழக்கமாகச் சாலையில் ஓடும் கார்களுக்கென்று தனிப் பிரிவு ஒன்றையும் வைத்திருக்கிறது. வேறு சில சங்கங்களில், ஓட்டப்படும் கார்களுக்கான பிரிவில் இன்ஜின் அறையைத் திறந்து பார்ப்பதே இல்லை. எனவே முதல் வேலை, நீங்கள் செல்லும் கண்காட்சியின் விதிப்புத்தகத்தையும் மதிப்பெண் தாளையும் வாங்கிப் படிப்பதுதான். அடிப்பாகத்தைப் பார்க்காத போட்டிக்காக மூன்று நாள் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தவர்கள் உண்டு. இன்ஜினுக்கு முப்பது புள்ளி இருக்கும் போட்டிக்கு பானெட்டைத் திறக்காமலே வந்து நின்றவர்களும் உண்டு.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. நடுவர் அழுக்கை ஒரு விதமாகவும் தேய்மானத்தை வேறு விதமாகவும் பார்க்கிறார். கல் தெறித்த சிறு புள்ளி, மிதித்துத் தேய்ந்த கிளட்ச் மிதி, ஸ்டியரிங்கின் மேல்புறத்தில் கை பட்டு மங்கிய இடம் ஆகியவை ஓடிய காரின் அடையாளங்கள். அவற்றுக்கு எவ்வளவு கழிப்பது என்பது பிரிவைப் பொறுத்தது. பராமரிக்கப்பட்ட பழைய நிலைக்கான பிரிவுகளில் அவற்றுக்குத் தனி மதிப்பே உண்டு. பெபிள் பீச்சில் 2024ஆம் ஆண்டின் முதல் பரிசை 1934ஆம் ஆண்டு புகாட்டி டைப் 59 பெற்றது. புதுப்பிக்கப்படாமல் பாதுகாக்கப்பட்ட கார் ஒன்று அங்கே அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் தடவை. ஆனால் கதவின் கீல் இடுக்கில் இருக்கும் கறுத்த கிரீஸ், பெட்ரோல் மூடியைச் சுற்றிய பழுப்புக் கறை, வைப்பர் தண்டின் அடியில் காய்ந்த இலைத்துணுக்கு போன்றவற்றை எந்தப் பிரிவிலும் எவரும் பெருமையாகக் கருதுவதில்லை. உரிமையாளர் நினைத்திருந்தால் நீக்கியிருக்கலாம் என்று நடுவருக்குத் தோன்றும் எதற்கும் புள்ளி போகும். கல் தெறித்த இடத்துக்குக் கடைசி நாளில் அவசரமாகப் பெயிண்ட் தொட்டு வைப்பதைவிட, அந்த நேரத்தைக் கீல்களுக்குச் செலவிடுங்கள்.

வீட்டு வேலையைக் கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கிவிட வேண்டும். பெயிண்ட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். 1924ஆம் ஆண்டு மாடல் ஓக்லண்டு கார்களில் டுகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட் வந்ததிலிருந்து, 1980களில் நிறமற்ற மேல்பூச்சு பரவலாகும் வரை, பெரும்பாலான கார்களில் வெளியே தெரியும் நிறமே கடைசிப் பூச்சாகவும் இருந்தது. உங்கள் காரைப் புதுப்பித்தவர் எந்த முறையில் அடித்தார் என்பது தெரியாவிட்டால், கண்ணில் படாத ஒரு மூலையில் வெள்ளைத் துணியால் சிறிதளவு பாலிஷ் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் அது மேல்பூச்சு இல்லாத பெயிண்ட். அப்படிப்பட்டதை ஒவ்வொரு முறை பாலிஷ் செய்யும்போதும் நிறத்தையே தேய்த்து எடுக்கிறீர்கள். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் அடிப்பூச்சு தெரிய அதிக காலம் ஆகாது. எனவே பாலிஷ் வேலையை வாரத்தின் தொடக்கத்தில் ஒருமுறை, தேவையான இடத்தில் மட்டும், கையால் செய்துவிட்டு, அதன்மேல் நல்ல வாக்ஸ் பூசி நிறுத்திக்கொள்ளுங்கள். பளபளப்பு கூடுவது வாக்ஸின் ஒரு பயன் மட்டுமே. வழியில் மோதும் பூச்சியும் தாரும் பெயிண்ட்டை நேரடியாகத் தொடாமல் மெழுகின்மேல் ஒட்டிக்கொள்வதால் பிறகு எளிதாக வந்துவிடும் என்பதுதான் ஓட்டிச் செல்பவருக்கு முக்கியம். முன்பக்கம், பம்பருக்குக் கீழ்ப்பகுதி, கண்ணாடிச் சட்டம், பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள வளைவு ஆகிய இடங்களில் முதல் பூச்சு காய்ந்து ஒரு நாள் கழித்து இரண்டாவது பூச்சும் கொடுங்கள். குரோம் பாகங்களிலும் மெல்லிதாகப் பூசலாம். ரப்பர் விளிம்புகளில் வாக்ஸ் பட்டு வெள்ளையாகக் காய்ந்து நிற்பது நடுவர் கண்ணில் உடனே படும். அதை மென்மையான பழைய டூத் பிரஷ்ஷால் அன்றே எடுத்துவிடுங்கள்.

அடுத்து இன்ஜினும் அதன் கசிவுகளும். ஓட்டிச் செல்லும் காருக்கு உண்மையான சோதனை இங்கேதான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நின்ற இடத்தில் காய்ந்து கிடக்கும் இன்ஜின் ஒருமணி நேரம் சூடாக ஓடியபின் எங்கெங்கே ஈரமாகிறது என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே முதலில் இன்ஜினைத் துப்புரவாகத் துடைத்துவிட்டு, 50 கிலோமீட்டராவது ஓட்டி வந்து, டார்ச் விளக்கோடு பாருங்கள். வால்வு மூடியின் பின்மூலை, பெட்ரோல் பம்பின் இணைப்பு, கார்புரேட்டரின் மிதவை அறை, ஹீட்டர் குழாயின் கிளிப் ஆகியவை வழக்கமாகக் கசியும் இடங்கள். பெரும்பாலும் தளர்ந்த போல்ட்டோ தேய்ந்த கேஸ்கெட்டோதான் காரணமாக இருக்கும். வால்வு மூடியின் போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் தகடு வளைந்து கசிவு கூடும் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

அந்தக் காலத்து இன்ஜின்கள் பலவற்றில், இன்ஜினுக்குள் சுழலும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் இன்றைய ரப்பர் சீல் கிடையாது. ஷாஃப்டில் வெட்டப்பட்ட திருகுப் பள்ளம் சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். இன்ஜின் நின்றதும் அந்த வேலையும் நின்றுவிடுவதால், ஓட்டி வந்து நிறுத்திய பத்தாவது நிமிடத்தில் கீழே நான்கைந்து சொட்டுகள் விழுந்திருக்கும். இதைப் பழுது என்று எண்ணிப் பதற வேண்டாம், ஆனால் குறைக்கலாம். ஆயில் அளவு, அளவுகோலின் மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். கண்காட்சி என்பதற்காக மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவோர் உண்டு, அவர்களுடைய கார்தான் அதிகம் சொட்டும். திடலில் நிறுத்தியபின் சிறிய தட்டு ஒன்றை அடியில் வைத்து, நடுவர்கள் நெருங்கும் முன் இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியைத் துடைத்துத் தட்டை எடுத்துவிடலாம்.

ரேடியேட்டரிலும் இதே தவறு நடக்கிறது. மிகை நீரைத் தாங்கும் தனித் தொட்டி இல்லாத பழைய ரேடியேட்டரை விளிம்பு வரை நிரப்பினால், சூடேறி விரியும் நீருக்குப் போக இடமில்லாமல் வழிகுழாய் வழியாக வெளியேறும். நிறமேற்றிய கூலண்ட் இன்ஜின் அறை முழுவதும் தெறித்துக் காய்ந்தால் மேல் தொட்டியிலும் மின்விசிறிச் சட்டத்திலும் பச்சையோ சிவப்போ கோடு விழும். உள்ளே குழாய்கள் மூழ்கும் அளவுக்கு நீர் இருந்தால் போதும், கழுத்துக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் காலியாக விடுங்கள். பெட்ரோல் தொட்டியையும் அப்படியே. விளிம்பு வரை நிரப்பி வெயிலில் நிறுத்தினால் விரிந்து மூடி வழியாகக் கசிந்து, நீங்கள் வாரமெல்லாம் பார்த்துப் பார்த்துப் பூசிய வாக்ஸையும் கரைத்துக்கொண்டு பின்பக்கம் வடியும். பங்க்கில் நிரப்பும்போது மூடியைச் சுற்றி மடித்த துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். குழாயை நீங்களே கையில் வாங்கிக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

ஸ்போக் வீல்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு சக்கரத்தில் 60 அல்லது 72 கம்பிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனைகள், ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து சக்கரங்கள். இதைத் திடலில் உட்கார்ந்து சுத்தம் செய்வது நடவாத காரியம். வீட்டில் சக்கரத்தைக் கழற்றி, ஷாம்பூ கலந்த நீரும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு உள்பக்கத்திலிருந்து கழுவி, நன்றாகக் காயவைத்து, கம்பிகளின் மேல் மெல்லிய வாக்ஸ் தடவிவிட்டால் பிரேக் தூசி ஒட்டிக்கொள்ளாமல் உதிரும். அமிலம் கலந்த வீல் கிளீனர் குரோமையும், கம்பிகளின் முனையை இறுக்கிப் பிடிக்கும் சிறு திருகுகளையும் அரிக்கும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம். சக்கரத்தை மாட்டும்போது, அது பொருந்தும் மையப்பகுதியான ஹப்பின் பற்களில் கிரீஸ் தடவுவது கட்டாயம், ஆனால் அது மெல்லிய படலமாக இருக்க வேண்டும். கூடுதலாகப் போனது, வேகமாகச் சுழலும்போது மையத்திலிருந்து வெளிப்புறமாகத் தெறித்து, ஒவ்வொரு கம்பியின்மேலும் நூல் போன்ற கறுப்புக் கோடாக நிற்கும். வண்டி வந்த வேகத்தையே அந்தக் கோடுகளில் படித்துவிடலாம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். காரின் அடிப்பாகத்து மூட்டுகளில் கிரீஸ் ஏற்றுவதற்கான சிறு முனைகளான கிரீஸ் நிப்பிள்களுக்கும் இதே விதி பொருந்தும். புறப்படுவதற்கு முதல் நாள் கிரீஸ் அடிக்காமல், நான்கைந்து நாள் முன்பே அடித்து, சிறிது ஓட்டி, பிதுங்கியதைத் துடைத்துவிட வேண்டும்.

வழியில் காரைக் காக்க எதை ஒட்டலாம், எதைப் போர்த்தலாம் என்ற கேள்வி அடிக்கடி வரும். முன்பக்கத்தில் பூட்டும் தோல் உறைகள் எனக்கு உடன்பாடில்லாதவை. உறைக்கும் பெயிண்ட்டுக்கும் நடுவே புகும் மண்துகள், காற்றில் உறை படபடக்கும்போதெல்லாம் உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஒட்டும் டேப்பை வெயிலில் பல மணி நேரம் விட்டால் பசை இறுகிவிடும். பழைய செல்லுலோஸ் பெயிண்ட்டாக இருந்தால் டேப்போடு பெயிண்ட்டும் சேர்ந்து வந்த நிகழ்வுகள் உண்டு. கழற்றி மாட்டக்கூடிய ரப்பர் மட்-ஃப்ளாப் மிகப் பயனுள்ளது. பின்சக்கரத்துக்கு முன்னாலுள்ள பகுதியைக் கல்லிலிருந்து அது காக்கும், திடலுக்குள் நுழையும் முன் கழற்றிவிடலாம். ரேடியேட்டருக்கு முன்னால் மெல்லிய வலை கட்டினால் தேன்கூட்டுத் துளைகளில் பூச்சி அடைவதைத் தடுக்கலாம், ஆனால் வெப்பமானியில் ஒரு கண் இருக்கட்டும். காருக்கு உறை போடுவதைப் பொறுத்தவரை ஒன்றே விதி: கழுவித் துடைத்த காருக்குத்தான் உறை, தூசி படிந்த காருக்கு ஒருபோதும் இல்லை.

உள்ளே வேலை குறைவு. கூரையை மூடியே ஓட்டுங்கள், இருக்கையில் பழைய பருத்திப் போர்வை விரியுங்கள், புதிய ஜீன்ஸ் அணிந்து வெளிர்நிறத் தோல் இருக்கையில் பல மணி நேரம் உட்கார வேண்டாம், அதன் நீலம் தோலில் இறங்கிவிடும். தரையிலும் துணியே விரிக்கலாம். ஆஷ்டிரேயைத் திறந்து பாருங்கள், நடுவர்கள் திறந்து பார்ப்பார்கள்.

பயணத்தை எப்போது தொடங்குவது என்பதும் சுத்தத்தின் ஒரு பகுதிதான். முடிந்தால் 200 கிலோமீட்டரையும் முதல் நாளே கடந்துவிடுங்கள். கண்காட்சிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில் கூரையுள்ள இடத்தில் தங்கி, அங்கே காரைக் கழுவி, மறுநாள் விடியலில் அந்தக் கடைசித் தூரத்தை மட்டும் ஓட்டி வாருங்கள். முதல் நாள் பயணத்தைக் காலையிலேயே வைத்துக்கொண்டால் பூச்சித் தொல்லை குறையும், அந்தி நேரத்தில் நீர்நிலைகளையும் வயல்களையும் ஒட்டிய சாலைகளில்தான் அவை கூட்டமாகப் பறக்கும். வேகம் கூடினால் பூச்சி மோதும் விசையும் கூடும். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் தட்டிவிட்டுப் போகும் பூச்சி, 100இல் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். லாரிகளின் பின்னால் போகாமல் தாராளமான இடைவெளி விடுங்கள். முன்னால் ஏதேனும் கல் ஏற்றிப் போனால் ஒரு தேநீர் குடிக்கும் நேரம் ஓரமாக நின்றுவிட்டுப் புறப்படுவது நல்லது. புதிதாகத் தார் போட்ட சாலை என்று தெரிந்தால், பத்து கிலோமீட்டர் சுற்றானாலும் மாற்றுவழி எடுங்கள். பழைய காரின் பிரேக் இன்றைய கார்களைப் போல உடனே பிடிக்காது என்பதால் இந்த இடைவெளி பாதுகாப்புக்கும் தேவைதான்.

பூச்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்காட்சிக்கு வந்த கார்களில் நான் அதிகம் பார்க்கும் கீறல்கள் பூச்சியால் ஏற்பட்டவை அல்ல, பூச்சியை எடுக்க முயன்றதால் ஏற்பட்டவை. மோதி நசுங்கிய பூச்சியின் உடல்நீர் வெயிலில் சில மணி நேரத்தில் காய்ந்து பெயிண்ட்டோடு பிணைந்துவிடும். நாள் கடந்தால் அதிலுள்ள அமிலத்தன்மை மேல்பரப்பை அரிக்கவும் தொடங்கும். உலர்ந்த இறக்கையும் ஓடும் கூர்மையானவை. துணியை வைத்து அழுத்தித் தேய்த்தால் அந்தத் துணுக்குகளே பெயிண்ட்டைக் கீறும். செய்ய வேண்டியது மிக எளிது, பொறுமை மட்டும் வேண்டும். வழியில் நிற்கும் இடத்தில், முகப்பு கையால் தொடும் அளவுக்கு ஆறியதும், வாலை வடிநீரில் சில துளி கார் ஷாம்பூ கலந்து நனைத்த மைக்ரோஃபைபர் துணியை மடித்துப் பூச்சியின் மேல் அப்படியே போட்டுவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் பாதி துணியோடு வந்துவிடும். மீதியை அழுத்தமில்லாமல் ஒரே திசையில் வழித்து எடுத்து, துணியின் மடிப்பை மாற்றிக்கொள்ளுங்கள். பறவை எச்சத்துக்கும் இதே முறைதான், அங்கே காத்திருக்கவே கூடாது. வெயிலில் இளகிய பெயிண்ட் எச்சத்தின் அடியில் இறுகும்போது வட்டமான தழும்பு விழுந்துவிடும். தார்ப் புள்ளிக்கு மண்ணெண்ணெய் தோய்த்த சிறு பஞ்சு போதும், தொட்டு எடுத்ததும் அந்த இடத்தை ஷாம்பூ நீரால் துடைத்துவிட்டு மறுபடி மெழுகு தடவுங்கள். வடிநீரை நான் வற்புறுத்துவதற்குக் காரணம், குழாய் நீரிலுள்ள உப்பு காய்ந்தால் வெள்ளைத் திட்டாக நிற்கும், கறுப்பு நிறக் காரில் அது பத்தடி தூரத்திலிருந்தே தெரியும்.

தங்குமிடத்தில் குழாயும் வடிகாலும் கிடைத்தால் வழக்கம்போல் இரண்டு வாளி முறையில் கழுவுங்கள். ஒன்றில் ஷாம்பூ நீர், மற்றொன்றில் துணியை அலசச் சுத்த நீர். அது கிடைக்காவிட்டால், அலசத் தேவையில்லாத கழுவும் திரவத்தை ஒரு வாளி நீரில் கலந்து, பத்துப் பன்னிரண்டு துணிகளை அதில் ஊறவைத்து, ஒரு பகுதிக்கு ஒரு துணி என்று மேலிருந்து கீழாகத் துடைத்து வரலாம். துடைத்த துணி வாளிக்குத் திரும்பிப் போகக் கூடாது. கீழே விழுந்த துணி அன்றைக்குத் துணியே இல்லை, அதை உதறிவிட்டுப் பயன்படுத்தும் ஆசை எல்லோருக்கும் வரும், அடக்கிக்கொள்ளுங்கள். சக்கரத்துக்கும் கதவுக் கீழ்விளிம்புக்கும் உரிய துணிகளை வேறு நிறத்தில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. இன்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்த்தொகுதியான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சூடாக இருக்கும்போது அதன் மேல் குளிர்ந்த நீர் படாமல் பாருங்கள், அதிலும் எனாமல் பூச்சு இருந்தால் வெடித்துப் பெயர்ந்துவிடும். காரின் மேற்பரப்பு ஆறும்வரை எங்கேயும் கை வைக்காமல் காத்திருப்பது, அவசரமாகத் தொடங்குவதைவிட நேரத்தை மிச்சப்படுத்தும்.

கண்காட்சி நாள் காலையில் திடலுக்குள் நுழைந்ததும் முதலில் டயர்களைப் பாருங்கள். பனி படிந்த புல்லில் உருண்டு வந்திருந்தால் வெட்டிய புல் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், பள்ளங்களில் சிறுகற்கள் சிக்கியிருக்கும். வழுவழுப்பான சிலிகான் பூச்சை டயரில் அடித்துப் பளபளக்கச் செய்வதை அனுபவமுள்ள நடுவர்கள் விரும்புவதில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் டயர் மங்கிய கறுப்பாகத்தான் இருந்தது. பிறகு இன்ஜின் அறை, அதன்பின் உள்பக்கம், அதன்பின் கண்ணாடி, கடைசியாக உடல் என்ற வரிசையில் செல்லுங்கள். உடலை முதலில் செய்துவிட்டால் மற்ற வேலைகளின் தூசியெல்லாம் அதன்மேல் மறுபடி வந்து விழும். உலர்ந்த தூசியை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். மெழுகு ஊட்டிய பருத்தித் துடைப்பானை எடையே இல்லாததுபோல் பிடித்து இழுத்துவிட்டு, கைரேகை உள்ள இடங்களில் மட்டும் கார் துடைப்பதற்கான ஸ்ப்ரேயைத் துணியில் தெளித்துத் துடைத்தால் போதும். மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட்டின் கொக்கி மூன்றையும் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யுங்கள். கூரையின் பின்னால் உள்ள பிளாஸ்டிக் ஜன்னலை ஈரத்துணி தவிர வேறெதாலும் தொட வேண்டாம்.

ஓட்டி வந்தவர்கள் மறப்பது இரண்டு. சுத்தம் செய்த பையும் பாட்டில்களும் டிக்கியில் கிடப்பது ஒன்று. நடுவர்கள் டிக்கியைத் திறக்கும்போது அங்கே ஸ்டெப்னியும் ஜாக்கியும் மூலக் கருவிப்பையும் மட்டுமே இருக்க வேண்டும், மற்றவற்றை நண்பரின் காருக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டாவது, அதிர்வில் இழை அறுந்த பல்பு. பல போட்டிகளில் ஹாரன், விளக்குகள், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் போட்டுக்காட்டச் சொல்வார்கள். இரண்டு மூன்று பல்புகளையும் ஃபியூஸ்களையும் சட்டைப்பையில் வைத்திருந்து, வந்ததும் ஒருமுறை எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். மேலே சொன்ன அமெரிக்கச் சங்கத்தின் கண்காட்சிகளில் ஒவ்வொரு காரிலும் தீயணைப்பான் இருப்பது கட்டாயம். உங்கள் கண்காட்சியிலும் அப்படியிருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டறியுங்கள். நடுவர் வரும்போது பானெட்டையும் கதவையும் நீங்களே திறந்து காட்டுங்கள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஓட்டித்தான் வந்தேன் என்று ஒருமுறை சொன்னால் போதும். முகப்பில் தவறவிட்ட ஒரு பூச்சி இருந்தால் அதற்கு விளக்கமாகவும் அது அமையும்.

மழை வந்தால்? நனைந்த சாலையில் இந்தத் திட்டம் பெரும்பாலும் குலைந்துவிடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நனைந்த துணிக் கூரையை மடக்காதீர்கள், அது சுருங்கும், பூஞ்சை பிடிக்கும். விரித்தபடியே நிழலில் காயட்டும். கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று மெல்லிய குச்சியால் பாருங்கள், உடலுக்குள் மரச்சட்டம் உள்ள கார்களில் இது உயிர்நாடியான வேலை. சேறு தெறித்த பகுதியை நீர் ஊற்றி இளக்காமல் துணியால் தொடக் கூடாது. மழையில் வந்த காரென்று தெரிந்தால் நடுவர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள் என்று சிலர் நம்புகிறார்கள். அது அந்த நடுவரைப் பொறுத்தது, அதை நம்பி அடிப்பாகத்தைக் கழுவாமல் விடாதீர்கள்.

முடிந்ததும் மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் அரைப்புள்ளி போனது என்று பார்த்தால், அழுக்குக்காகப் போனவற்றை அடுத்த முறைக்குள் சரிசெய்யலாம், கல் தெறித்த புள்ளிக்காகப் போனதை அப்படியே விட்டுவிடலாம். திரும்பும் பயணத்தில் பூச்சிகள் மறுபடியும் ஒட்டும். களைப்பில் அவற்றை விட்டுவிட்டு உறை போர்த்திப் படுத்துவிடாமல், அன்று இரவே ஈரத்துணி போட்டு எடுத்துவிட்டு, சக்கரங்களையும் ஒருமுறை அலசிக் காயவைத்து, காரைத் திறந்தபடியே நிழலில் நிறுத்துங்கள். உறையை மறுநாள் போட்டுக்கொள்ளலாம்.